மோர் என்றால் கடல்

சவுரியம்மாள் பாஸ்கோ துரை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். துரை கடுமையாக எதுவும் சொல்லவில்லை. வீடும் நல்ல வீடுதான். அவளைப் பயமுறுத்தியது அவருடைய மகள் தாம்சின் பேசிய பேச்சு.

வேலூரில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் ஆறு வருஷம் பிள்ளை வளர்த்தவள் அவள். வெள்ளைக்காரக் குழந்தைகள் என்ன கேட்கும், எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வாட்டர் என்றால் தண்ணீர், மில்க் என்றால் பால், ஸ்லீப் என்றால் தூக்கம். அதற்கு மேல் கண்ணாலும் கையாலும் சமாளித்துவிடலாம். ஆனால் இந்த ஐந்து வயதுக் குழந்தை காலி டம்ளரை நீட்டி, "தௌர்" என்றது. "வாட்டரா பாப்பா?" என்று கேட்டாள். குழந்தை விழித்தது. மறுபடி "தௌர்" என்றது. மூன்றாம் முறை அழுதுகொண்டே சொன்னது. சவுரியம்மாள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்ததும் மடமடவென்று குடித்துவிட்டுப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று முழுக்க அந்தப் பிள்ளை வாயிலிருந்து இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரவில்லை. சாயங்காலம் துரை வந்ததும் அப்பாவும் பெண்ணும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதே புரியாத பேச்சைப் பேசினார்கள். பூசையில் லத்தீன் கேட்டுப் பழகியவள் சவுரியம்மாள். இது லத்தீனும் இல்லை. முந்தானைக்குள் கையை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த பங்களா ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில், பேரணாம்பட்டு சாலையை ஒட்டி இருந்தது. மக்பூல் அகமது சாயபுவின் தோல் கிடங்கைச் சேர்ந்தது. கிடங்கில் ஆவாரம்பட்டையை அரைக்க சாயபு புதிதாக நீராவி இஞ்சின் வாங்கிப் போட்டிருந்தார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கோலார் தங்க வயலிலிருந்து பாஸ்கோ துரையை வரவழைத்தார். துரையின் மனைவி கோலாரில் காய்ச்சலில் இறந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது.

இஞ்சினுக்கு எண்ணெய் விடும் கோதண்டபாணி துரையோடு கோலாரிலிருந்து வந்தவன். சவுரியம்மாள் அவனிடம்தான் கேட்டாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். துரையின் ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சீமை. கார்ன்வால் என்று பெயர். கோலார் சுரங்கத்தில் முக்கால்வாசி துரைகள் அந்த ஊர்க்காரர்கள்தான். அந்த ஊருக்குப் பழங்காலத்தில் தனியாக ஒரு பாஷை இருந்ததாம். பேசுகிறவர்கள் செத்துச் செத்து, அது நின்றுபோய் நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டதாம். துரையும் துரையம்மாவும் எங்கிருந்தோ ஒரு புத்தகம் தருவித்து அதைப் படித்தார்கள். பிறக்கிற குழந்தைக்கு அந்தப் பாஷையைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டார்களாம்.

"அப்ப செத்துப்போன பாஷையா அது?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

"அப்படித்தான் சொல்றாங்க. கோலார்ல மத்த தொரைங்களே அதைக் கேட்டு சிரிப்பாங்க."

செத்துப்போனது என்ற சொல் அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. பட்டைக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் வேறு, அந்தப் பேச்சுதான் துரையம்மாவைக் கொண்டுபோயிற்று, அடுத்தது குழந்தை என்று சொல்லிக்கொண்டார்கள். புருஷன் இருதயராஜ் மட்டும் வேலையை விடாதே என்றான். அவனும் அதே கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தான். அவள் நின்றால் அவனையும் நிறுத்துவார்கள் என்று அவனுக்குப் பயம்.

அதனால் அவள் கற்றுக்கொண்டாள். வேறு வழியில்லை. குழந்தைக்குப் பசித்தால் அவள் அறிந்தாக வேண்டும். பாரா என்றால் ரொட்டி, லேத் என்றால் பால், தான் என்றால் நெருப்பு, க்ளாவ் என்றால் மழை. அப்பாவைக் குழந்தை "தாஸ்" என்று கூப்பிட்டது. துரையின் பெயரே தாஸ் போலிருக்கிறது, நம் சவரிதாஸ், அருள்தாஸ் மாதிரி என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மாம். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டிக் குழந்தை அதைச் சொல்லும். ஆனால் சில சமயம் அதே சொல் "வாம்" என்று தலை மாறி வந்தது. மாம் எப்போது வாம் ஆகும், ஏன் ஆகும் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரிந்தது.

படப் புத்தகத்தில் நீலமாக விரிந்து கிடந்த கடலைத் தொட்டு, "மோர்" என்றது ஒரு நாள். சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து ஒரு குவளை மோர் கொண்டுவந்து, எங்க ஊரில் இதுதான் மோர் என்று காட்டினாள். குழந்தை ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தது. பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது. அம்மா போன பிறகு அந்தக் குழந்தை சிரித்து அன்றுதான் பார்த்ததாகக் கோதண்டபாணி சொன்னான்.

முற்றத்தில் ஒரு அணில் குஞ்சு செத்துக் கிடந்தபோது "மாரோ" என்ற சொல்லைக் கற்றாள். குழந்தை அணிலைக் காட்டி "மாரோ" என்றது. பிறகு சுவர்ப் படத்தைக் காட்டி, "மாம், மாரோ" என்றது. அழவில்லை. ரொட்டி, பால் என்று சொல்வதுபோல் சொன்னது.

இஞ்சின் ஊதும்போதெல்லாம் குழந்தை ஓடிவந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்து, "இமா ஔன் திம்" என்னும். ஔன் என்றால் பயம் என்று அவள் தானாகவே கண்டுகொண்டாள். மற்ற சொற்களையும் பிரித்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. இருக்கிறது, பயம், எனக்கு. நாம் சொல்கிற மாதிரியேதான். ஏதோ ஒரு பொருள் நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதுபோல. அதற்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்டு அவள் சிலுவை போடுவதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் துரைக்குத் தெரியாது. துரை எதிரில் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் சுரங்கத்தில் கற்றது. இழு, தள்ளு, நில்லு, சீக்கிரம். அதைத்தான் வீட்டிலும் பேசுவார். அன்பாக ஒன்றைச் சொல்லவோ, கஷ்டத்தைச் சொல்லவோ அவரிடம் தமிழ் இல்லை.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

பாலாறு வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். வண்டிகள் மணலில் இறங்கித்தான் ஆம்பூருக்குப் போய்வரும். பத்து வருஷத்துக்கு முன்னால், மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து ஒரே இரவில் பெருவெள்ளம் வந்து கரையோரத்தை வாரிக்கொண்டு போனது. சவுரியம்மாளின் அக்கா ஆரோக்கியம் அதில் போனவள். உடல் கிடைக்கவில்லை. அதிலிருந்து ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் சவுரியம்மாள் இறங்கமாட்டாள்.

இந்த மழையில் ஆறு மறுபடி நிரம்பிற்று. கரையிலிருந்து கரை வரை செந்நிறத் தண்ணீர். மழை விட்டிருந்த ஒரு மதியம், துரை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் காட்டப் போனார். சவுரியம்மாள் பின்னால் போய்த் தூரத்திலேயே நின்றுவிட்டாள். குழந்தை அவ்வளவு தண்ணீரைக் கண்டதும் கைகளை விரித்துக் கத்திற்று.

"தாஸ்! மோர்! மோர்!"

துரை சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதிலிருந்து துரை நடந்துகொண்ட விதம் சவுரியம்மாளுக்குச் சரியாகப் படவில்லை. சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. பெட்டியில் பூட்டி வைத்திருந்த மனைவியின் உடுப்புகளை எடுத்து, இந்தா, கொண்டு போ என்று அவளிடம் கொடுத்தார். கடிதங்களைக் கட்டாகப் போட்டுக் கொளுத்தினார். தோட்டத்து மூலையில் அவர் தினமும் எதையோ தீயிலிட்டுச் சாம்பலைக் காலால் கலைப்பதையும் பார்த்தாள். ஒரு தடவை துணி கருகும் நாற்றம் அடித்தது. என்ன தொரை ஆச்சு என்று ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக் கேட்டாள். "ஒண்ணும் இல்ல. போ," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். துரை தாழ்வாரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். சவுரியம்மாள் உள்ளே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்தப் பேச்சில் பத்துக்கு மூன்று சொல் அவளுக்குப் புரியும். அன்று புரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவோரோ. அது நாளை. மோஸ். அது போவது. மோர். வாம். கொஞ்ச நேரம் கழித்து, மிகத் தாழ்ந்த குரலில், மாரோ.

குழந்தை ஏதோ கேட்டது. துரை அதன் கன்னத்தைத் தடவி மறுபடி சொன்னார். மோஸ், மோர், வாம்.

சவுரியம்மாள் கையில் விளக்குக் கண்ணாடி நழுவி விழுந்து உடைந்தது. நாளைக்கு. தண்ணீருக்குப் போகிறோம். அம்மாவிடம் போகிறோம். அம்மா செத்துப்போனவள்.

வீட்டுக்கு ஓடி இருதயராஜிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் நம்பவில்லை. அந்தப் பாஷை உனக்குத் தெரியுமா என்றான். கொஞ்சம் தெரியும் என்றாள். கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு துரைமேல் கொலைப்பழி போடுவாயா என்றான்.

"சாயபுகிட்ட சொல்லலாம்," என்றாள்.

"இன்னான்னு சொல்லுவ? தொரை பெத்த பொண்ணை ஆத்துல தள்ளப் போறார்னா? யாருக்கும் தெரியாத பாஷையில சொன்னார்னா? நம்ம ரெண்டு பேரையும் ஜெயில்ல வச்சுடுவாங்க, சவுரி."

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள இந்தச் சீமையிலேயே மூன்று பேர்தான். ஒருவர் துரை. ஒன்று குழந்தை. மூன்றாவது இவள். சாட்சிக்கு வேறு ஆளே இல்லை.

அன்றிரவு அவள் கண் மூடவில்லை. விடிந்தும் விடியாமலும் தூறலில் பங்களாவுக்குப் போனாள்.

துரை அதற்கு முன்பே எழுந்திருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். குழந்தைக்கு அவரே வெள்ளைக் கவுன் மாட்டித் தலை வாரிவிட்டிருந்தார். இவளைப் பார்த்ததும், நில்லு, இங்கே இரு என்று கையைக் காட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஆற்றுப் பக்கம் நடந்தார்.

சவுரியம்மாள் பின்னாலேயே போனாள். காலுக்குக் கீழே சேறு வழுக்கியது. வண்டித்தடம் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் துரை குழந்தையைக் கீழே நிறுத்திவிட்டு, கைத்தடியை ஊன்றித் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வரை போனார். திரும்பிப் பார்த்து, குழந்தையை நோக்கிக் கையை நீட்டினார்.

அவ்வளவுதான். தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். பின்னால் துரை கத்துவது கேட்டது. அதற்குப் பிறகு இருமல் கேட்டது. அவள் திரும்பவில்லை. கிடங்கின் பக்கவாசல் திறந்திருந்தது. உள்ளே நுழைந்து, ஆவாரம்பட்டை அடுக்கியிருந்த கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பட்டைக் கட்டு ஒன்றை உருட்டி முட்டுக் கொடுத்தாள்.

குழந்தை அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இமா ஔன் திம்" என்றது.

"எனக்குந்தான் பாப்பா," என்றாள்.

வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் கோதண்டபாணியின் குரல். பிறகு இருதயராஜ் கதவைத் தட்டி, கெஞ்சினான், திட்டினான், மறுபடி கெஞ்சினான். கடைசியில் சாயபுவே வந்துவிட்டார்.

"இன்னா பேஜார் இது சவுரியம்மா? வெள்ளைக்காரப் புள்ளையத் தூக்கினு வந்து பூட்டிக்கிறதா? போலீஸ் வந்தா நான் இன்னா ஜவாப் சொல்றது? கதவைத் தொற."

"தொறக்கமாட்டேன் சாயபு. தொரை போனாத்தான் தொறப்பேன்."

கதவை உடையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். கடப்பாரை கொண்டுவரப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. அப்போது கூட்டம் விலகிற்று. பலகைக் கதவின் அந்தப் பக்கம் துரை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் "திற" என்று சுரங்கத் தமிழில் சொன்னார். பிறகு மகளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

சவுரியம்மாள் வாயைக் கதவிடுக்கில் வைத்தாள். அந்தப் பாஷையை முதல்முறையாகப் பெரியவர் ஒருவரிடம் பேசினாள்.

"நா," என்றாள். அந்தப் பேச்சில் அது இல்லை, கூடாது. "நா மோஸ் மோர். நா மாம். தாம்சின் நா மாரோ."

கதவில் ஏதோ கனமாகச் சரிந்தது. துரை கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா இருமுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனைவி போன பிறகு குழந்தையைத் தவிர யாரும் அவரிடம் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை.

கொஞ்சம் தேறியதும் அவர் பேசினார். மெதுவாக, அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடிய சொற்களாகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக வைத்தார். அவள் குழந்தையிடம் கற்ற சொற்கள் என்பதால் குழந்தையிடம் பேசுவதுபோலவே பேசினார். தாம்சின் மோஸ். மோர் தாண்டி. அந்த மோர் இல்லை; பெரிய மோர், கப்பல் போகிற மோர். தாம்சின் போகப்போவது மாம் தாஸிடம். அதை மூன்று தரம் சொன்னார். மாம் தாஸ். அப்பாவின் அம்மா. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"மாரோ?" என்று கேட்டாள். அந்தச் சொல்லையும்தானே நேற்று கேட்டாள்.

"தாஸ்," என்றார் அவர். "தாஸ் மாரோ."

கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு கைக்குட்டை மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. அதில் ரத்தம் இருந்தது. இன்னும் காயாத ரத்தம்.

அவள் பட்டைக் கட்டை நகர்த்தித் தாழ்ப்பாளை எடுத்தாள். கைக்குட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கதவைத் திறந்தாள்.

குழந்தை பாய்ந்து அப்பாவிடம் போயிற்று. சாயபு சவுரியம்மாளைப் பார்த்து, துரை இவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டார். முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் துரையோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவர்கள். நெஞ்சிலிருந்து ரத்தம் கக்குகிற நோய் என்று தெரிந்தால் ஒருவரும் நாளைக்கு வரமாட்டார்கள். துரையை அன்றைக்கே வெளியேற்றிவிடுவார்கள். அவர் கோலாரை விட்டு இங்கே வந்ததே அதை மறைக்கத்தான் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிற்று. துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன முகம்.

"ஒண்ணியும் இல்ல சாயபு," என்றாள். "அக்கரையில ரயிலுக்குப் போக ஆத்துல ஆழம் பாத்தாராம். தண்ணி ஜாஸ்தியா இருந்துச்சு, நான்தான் எங்கக்கா நெனப்புல பயந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

சாயபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா என்று இருதயராஜிடம் கேட்டார். துரை ஏதோ இங்கிலீஷில் சொல்லி அவரைச் சமாதானம் செய்தார். கூட்டம் கலைந்தது. அன்று சாயங்காலம் பட்டைக் கொட்டகைப் பெண்கள், சவுரியம்மாளுக்கும் அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் செய்ததற்கு விலை இல்லாமல் போகவில்லை. கோலாரில் ஒரு சுரங்கத் துரையின் மனைவி ஊருக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தாள். குழந்தையை அவளோடு அனுப்பத்தான் ஏற்பாடு. சனிக்கிழமை பட்டணத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்தக் கலவரம் அடங்குவதற்குள் தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது; ஆறு வடிந்து வண்டி இறங்க மூன்று நாளாயிற்று. கப்பல் போய்விட்டது. சவுரியம்மாள் துரை காலில் விழப்போனாள். அவர் தடுத்து, இருக்கட்டும் என்றார். அந்த ஒரு சொல்லை அவர் எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

அடுத்த துணை கிடைக்க நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதமும் அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள். துரையின் தட்டையும் குவளையையும் தனியாகக் கொதிக்கவைத்தாள். குழந்தையை அவர் பக்கம் அண்டவிடாமலும், அண்டவிடவில்லை என்று அவருக்குத் தோன்றாமலும் பார்த்துக்கொண்டாள். துணிகளை அவளே எரித்தாள். கோதண்டபாணி ஒரு நாள் நேருக்கு நேர் கேட்டபோது, சளி என்று சொன்னாள். அவன் நம்பவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. தனக்கே ஒரு இருமல் வந்தால் விடியும்வரை எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்ப்பாள்.

துரை ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, பாதித் தமிழும் பாதி அந்தப் பேச்சுமாக ஒரு வேலை சொன்னார். தாம்சினுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க வேண்டும். அவள் திகைத்துப்போனாள். அங்கேயும் இந்தப் பேச்சுத்தானே என்று கேட்டாள். துரை இல்லையென்று தலையசைத்தார். அங்கே யாருக்கும் தெரியாது. அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. ஒரு சொல்கூடத் தெரியாது.

நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. மனைவியிடம் செய்த சத்தியம் அவருக்கு அப்படியே இருந்தது.

அதனால் அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷைக் கொடுத்தாள். வாட்டர். பிரெட். ப்ளீஸ். தாங்க்யூ. குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. கடித்தது. ஒரு நாள் டம்ளரைத் தூக்கி அவள்மேல் எறிந்தது. நெற்றியில் பட்டு வீங்கிற்று. அப்போதும் அவள் வாட்டர் என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் கொடுத்தாள். அப்படிச் செய்ய வேண்டியிருந்ததே என்று அடுக்களைக்குள் போய் அழுதாள். கப்பலில் கேட்கத் தெரியாமல் குழந்தை தாகத்தோடு கிடப்பதாக அவளுக்குக் கனவு வந்துகொண்டே இருந்தது.

மாசி மாதம் ஒரு காலை துரை இஞ்சின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். கோதண்டபாணி ஓடிப்போய் நீராவியை அடைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தான். அவர் கோதண்டபாணியிடம் ஏதோ சொன்னாராம். அந்தப் பேச்சில் சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை. சத்தங்களை நினைவில் வைத்துக்கொண்டு வந்து சவுரியம்மாளிடம் சொல்லிப் பார்த்தான். அவளுக்கும் புரியவில்லை. அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோலாருக்கு ரயிலில் கொண்டுபோய் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சாயபு செலவைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. துரையின் அறையை மட்டும் சுண்ணாம்பு அடித்துப் பூட்டச் சொன்னார்.

குழந்தையிடம் சவுரியம்மாள்தான் சொன்னாள். எந்தப் பேச்சில் சொல்வது என்று நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் அதன் பேச்சிலேயே இரண்டு சொல்லாகச் சொன்னாள். குழந்தை வெகுநேரம் அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பங்குனியில் பட்டணம் துறைமுகம் வரைக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். இருதயராஜும் வந்தான். கோலாரிலிருந்து வந்த வயதான துரைசானி ஒருத்தி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவளாகத்தான் தெரிந்தாள். சவுரியம்மாள் தனக்கு வந்த இங்கிலீஷில், பேபி ராத்திரியில் பயப்படும், விளக்கு வேண்டும் என்று சொன்னாள். துரைசானி யெஸ் யெஸ் என்றாள். குழந்தை ஏணிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிற்று. துரைசானி குனிந்து, என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். குழந்தை அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. துறைமுகத்து இரைச்சலில் சவுரியம்மாள் காதிலும் அது விழவில்லை.

மறுவருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு கடிதம் வந்தது. மாதா கோயில் சாமியார் படித்துச் சொன்னார். குழந்தை சுகமாக இருக்கிறது, பாட்டியோடு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறது என்று எழுதியிருந்தது. சவுரியம்மாள் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றார் சாமியார். அவள் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பினாள்.